பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு ஊர்ப் பணம்: யாருக்கு, எப்போது கொடுப்பது?

அடிவாரத்தான்
வணக்கம். ஏற்காடு அடிவாரத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் நாங்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அன்று பிளஸ் டூவில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களுக்கு ஆளுக்கு ஐயாயிரம், ஒரு சால்வை, ஒரு கேடயம் கொடுப்போம். இந்த முறை வெளியூர் நண்பர்களும் கை கொடுத்ததால் இரண்டு லட்சம் சேர்ந்திருக்கிறது. பணம் சேர்ந்ததும் சண்டையும் சேர்ந்துவிட்டது. பாதிப் பேர் “மதிப்பெண்ணுக்குத்தான் மரியாதை, ஆளுக்கு இருபதாயிரமாக ஏற்றிக் கொடுப்போம்” என்கிறார்கள். மீதிப் பேர் “கல்லூரிக்கே போக முடியாதவனைப் பார்ப்போம்” என்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி. ஆனால் அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

கொலுசுப்பட்டறை
முதல் மூன்று பேர் நீங்கள் கொடுத்தாலும் போவார்கள், கொடுக்காவிட்டாலும் போவார்கள். போகாதவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டால் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் கொலுசு வேலைக்குப் பையன்கள் வருவார்கள். லீவுக்கு மட்டும் என்று சொல்லித்தான் வருவார்கள். வாரக் கூலி கைக்கு வந்து, ஒரு போன் தவணையில் வாங்கிவிட்டால் அப்புறம் ஜூன் மாதம் கல்லூரிப் பேச்சே எழாது. வீட்டிலும் அந்தக் காசுக்குப் பழகிவிடுவார்கள்.

சந்தேகி
எனக்குப் புரியாத விஷயம் ஒன்று. பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் ஆயிரம் அரசாங்கமே கொடுக்கிறது. அரசுக் கலைக் கல்லூரியில் கட்டணமும் பெரிதாக இல்லை. பஸ் பாஸ் இலவசம். விடுதி இலவசம். இதற்கு மேல் ஊர்க்காரர்கள் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? அந்த இரண்டு லட்சத்தில் பள்ளிக்கூடத்துக் கழிப்பறையைச் சரி செய்யலாமே.

கவுரவ விரிவுரையாளர்
சந்தேகி சார் கேட்டது நியாயமான கேள்விதான். சேலத்தில் ஒரு கல்லூரியில் முதலாண்டு வகுப்பு எடுக்கிறேன் என்பதால் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன திட்டங்கள் எல்லாம் உண்மை. புதுமைப் பெண் 2022 செப்டம்பரிலும் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் வந்தன. இரண்டுமே பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐடிஐ எதில் சேர்ந்தாலும் பொருந்தும். ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம், மூன்று ஆண்டுக்கு முப்பத்தாறாயிரம். சின்னத் தொகை இல்லை. ஆனால் அது எப்போது வருகிறது என்று பாருங்கள். பிள்ளை முதலில் கல்லூரியில் சேர வேண்டும். அப்புறம் கல்லூரி வழியாகப் பதிவு. பள்ளியின் எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் மாணவருக்குத் தரும் அடையாள எண்) ஒத்துப்போக வேண்டும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். பல பிள்ளைகளின் கணக்கு அம்மாவோடு கூட்டுக் கணக்காக இருக்கும், அல்லது பள்ளியில் தொடங்கியபின் தொடாமல் முடங்கிக் கிடக்கும். இதெல்லாம் சரியாகி முதல் ஆயிரம் வர மாதங்கள் ஓடிவிடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் துறைகளின் உதவித்தொகை அதைவிடத் தாமதம். இலவச பஸ் பாஸும் சேர்ந்த அன்றே கைக்கு வராது. விடுதி தேர்வுப் பட்டியல் வரும்வரை எங்கே தங்குவது?

ஆக, ஜூன் முதல் செப்டம்பர் வரை குடும்பம் கைக்காசு போட்டே ஆக வேண்டும். சேர்க்கைக் கட்டணம், தினம் பஸ், மதியச் சாப்பாடு, இரண்டு மூன்று நல்ல உடை, செருப்பு, புத்தகம், நகல் எடுக்க, புகைப்படம் எடுக்க, சான்றிதழுக்கு அலைய. என் அனுபவத்தில் எட்டாயிரம், பத்தாயிரம் ஆகும். வகுப்பில் ஜூலையில் இருந்து செப்டம்பரில் காணாமல் போகிற பிள்ளைகள் உண்டு. விசாரித்தால் “படிப்பு வரல” என்று ஒருவரும் சொல்வதில்லை.

அரசுப் பணத்தால் அடைக்க முடியாத இந்த நாலு மாத இடைவெளிக்குத்தான் ஊர்ப் பணம் வேண்டும். ஆகஸ்ட் 15க்குக் காத்திருந்து கொடுக்கிற பணம் பாதி பயன்தான்.

சந்தேகி
சரி, மாத விஷயம் யோசிக்கவில்லை. கழிப்பறையை விட்டுவிடுகிறேன், இப்போதைக்கு.

மிளகுக்கொடி
நான் மலைமேல் இருந்து எழுதுகிறேன். நாகலூர் பக்கம். கவுரவ விரிவுரையாளர் சொன்ன நாலு மாதக் கணக்கு எங்களுக்கு இன்னும் இறுக்கம்.

காப்பிப் பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கும், ஜனவரி பிப்ரவரி வரை போகும். அதையொட்டி மிளகு. அந்த மாதங்களில்தான் வீட்டில் கொஞ்சம் காசு புழங்கும். மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் கடை போட்டவர்களுக்கு நாலு காசு கிடைக்கும். ஜூன், ஜூலையில் எஸ்டேட்டில் களை வெட்டு, கவாத்து என்று சில நாள் வேலைதான், மழை பெய்தால் அதுவும் இல்லை. கல்லூரி திறப்பதோ சரியாக அப்போதுதான்.

அடுத்தது பஸ். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போய்ப் படித்துவிட்டு வரலாம், ஏற்காடு டவுனில் இருப்பவர்களுக்கு. மாரமங்கலத்திலோ செம்மநத்தத்திலோ இருப்பவர்கள் முதலில் ஏற்காடு வர வேண்டும், அங்கிருந்து சேலம், அங்கிருந்து கல்லூரி. தினம் போய் வருவது நடக்கிற காரியம் இல்லை. விடுதி கிடைத்தால் படிப்பு உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. பெண் பிள்ளை என்றால் விடுதி கிடைத்த பிறகும் அப்பா ஒருமுறை போய்ப் பார்த்து, சமையல்காரம்மாவிடம் பேசி, மனசு ஒத்துக்கொண்டால்தான் அனுப்புவார்.

மூன்றாவது சாதிச் சான்று. நாங்கள் மலையாளி பழங்குடி, கேரளக்காரர்கள் இல்லை, இந்த மலைக்காரர்கள். எஸ்டி சான்று தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். பெற்றோரிடம் சான்று இருந்தால் சிக்கல் குறைவு. இல்லாத வீட்டில் விசாரணை என்று இழுக்கும். சான்று இல்லாமல் இட ஒதுக்கீடும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்கு எஸ்சி, எஸ்டி பிள்ளைகள் கட்டுவது இரண்டே ரூபாய் பதிவுக் கட்டணம். அந்த இரண்டு ரூபாய் விண்ணப்பத்தைப் போடக் கீழே நாலு தடவை இறங்கி ஏறினால் பஸ், சாப்பாடு, ஒருநாள் கூலி என்று ஆயிரம் பறந்துவிடும்.

மலைப் பிள்ளைகளுக்குத் திறமை இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். இதே சேலம் மாவட்டத்தில் கல்வராயன் மலையின் கருமந்துறைப் பழங்குடியினர் பள்ளியில் படித்த பெண் 2025இல் சென்னை ஐஐடியில் இடம் வாங்கினார்.

முதல்தலைமுறை
மிளகுக்கொடி அண்ணா, கைதட்டல் போட இங்கே பொத்தான் இல்லை, அதனால் எழுதுகிறேன். அடிவாரத்தானுக்கு என் கருத்து: கொடுப்பதாக இருந்தால் மேடை போடாதீர்கள். எனக்கு ஓர் அமைப்பு உதவித்தொகை கொடுத்தது. பெயர் வேண்டாம். கல்லூரி ஜூனில் திறந்தது, பணம் ஜனவரியில் வந்தது. அதுவும் கல்யாண மண்டபத்தில் விழா வைத்து, கதவு அளவுக்கு அட்டையில் ஒரு காசோலை செய்து, அதைப் பிடித்தபடி போட்டோ எடுத்து. எங்கள் அப்பா என்ன வேலை செய்கிறார், வீட்டில் எத்தனை பேர், எல்லாவற்றையும் மைக்கில் வாசித்தார்கள். என் வகுப்பு நண்பர்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பணம் உதவியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த வருடம் புதுப்பிக்க விண்ணப்பம் போடவில்லை.

செவ்வாய்ப்பேட்டை மளிகை
தம்பி சொல்வது மனதுக்குப் படுகிறது. ஆனால் வசூல் செய்து பார்த்தவன் என்ற முறையில் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். விழா இல்லாவிட்டால் வசூல் இறங்கிவிடும். கடைக்காரர் ஐந்நூறு கொடுத்தாலும் யாருக்குப் போனது என்று பார்க்க ஆசைப்படுவார். அது தப்பா? கோயில் டியூப்லைட்டில் பெயர் எழுதுகிற ஊர் நம்முடையது.

முதல்தலைமுறை
தப்பில்லை ஐயா. கொடுத்தவர்களை மேடையில் ஏற்றுங்கள், அவர்களுக்குச் சால்வை போடுங்கள். வாங்குகிறவனை விட்டுவிடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை மளிகை
ஹா ஹா. இது நல்ல யோசனை. எங்கள் சங்கத்தில் சொல்லிப் பார்க்கிறேன், சால்வை செலவும் எங்களுடையதே.

சிங்கை சேலத்தான்
நான் ஐம்பதாயிரம் தரத் தயார். என் நிபந்தனை ஒன்றுதான்: பொறியியல் அல்லது மருத்துவம் படிக்கிற பிள்ளைக்கு மட்டும். வேலை கிடைக்கிற படிப்பாக இருக்கட்டும்.

கவுரவ விரிவுரையாளர்
உங்கள் பணம், உங்கள் விருப்பம். ஆனால் ஒரு தகவல். அரசுப் பள்ளிப் பிள்ளை 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியலில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் 2021 முதல் அரசே கட்டுகிறது. கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் அப்படிச் சேர்ந்த பிள்ளைக்கு உங்கள் ஐம்பதாயிரம் மேலதிக வசதி. ஐடிஐயில் ஃபிட்டர் சேர்கிற பையனுக்கு, பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்கிற பெண்ணுக்கு, அதில் ஐந்தாயிரம் கிடைத்தால் சேருவதா வேண்டாமா என்பதையே அது முடிவு செய்யும். பிளஸ் டூவில் கணிதம், அறிவியல் அல்லது தொழிற்பிரிவு படித்தவர் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம் என்பது பல வீடுகளுக்குத் தெரியாது. வேலை என்று பார்த்தால் அந்தப் படிப்பும் வேலைக்கான படிப்புதானே.

சிங்கை சேலத்தான்
ஐடிஐயை நான் யோசிக்கவே இல்லை. சரி, நிபந்தனையை எடுத்துவிடுகிறேன். எங்கே அனுப்புவது? ஜிபே எண் இருந்தால் கொடுங்கள்.

மட்டுறுத்துநர்
இழையில் போன் எண், வங்கிக் கணக்கு எண் வேண்டாம். நீக்கிவிடுவேன்.

கணக்கு வழக்கு
ஜிபே என்றதும் வந்துவிட்டேன், தொழில் அப்படி. மூன்று விஷயம்.

சிங்கை நண்பர் எந்த நாட்டுக் குடியுரிமை என்பதைப் பொறுத்தது எல்லாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர் வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தை முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் என்றால், அவர் நம் ஊர்க்காரரே ஆனாலும், சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதற்கு எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் கணக்கும் வேண்டும். இரண்டு லட்சம் வைத்திருக்கிற முன்னாள் மாணவர் குழு அந்தப் பக்கமே போகக் கூடாது.

அடுத்து, யாராவது ஒருவருடைய சொந்தக் கணக்கில் வசூலிப்பது. நட்பு கெடுவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் சங்கமாகப் பதியலாம். அல்லது சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதியலாம். பான் எண் வாங்கி, இரண்டு பேர் கையெழுத்தில் இயங்கும் வங்கிக் கணக்குத் தொடங்குங்கள்.

80ஜி, அதாவது நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரி விலக்கு, வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். ரொக்கமாக இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்தால் அந்த விலக்கு கிடையாது. புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. உங்கள் நன்கொடையாளர்களில் பழைய முறையில் எத்தனை பேர் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். நாலு பேருக்காக ஆண்டுதோறும் தணிக்கை, அறிக்கை என்று என்னைப் போன்றவனுக்குச் செலவழிப்பது லாபமா என்று யோசியுங்கள். (எனக்கு லாபம்தான்.)

சிங்கை சேலத்தான்
இந்தியப் பாஸ்போர்ட்தான். தப்பித்தேன்.

பழைய ஹெச்எம்
பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

புதிதாக ஒரு வருமானச் சான்று, ஒரு விஏஓ கையெழுத்து என்று கேட்காதீர்கள். கல்லூரிக்கு எடுத்த நகல்களே போதும். யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, எரியவில்லை என்பது பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியருக்குத் தெரியும். இரண்டு வகுப்பாசிரியர்கள், சத்துணவு அமைப்பாளர் அம்மா, ஊரில் ஒருவர், இந்த நாலு பேரும் தனித்தனியாகப் பெயர் எழுதித் தரட்டும். மூன்று பட்டியலில் ஒரே பெயர் வந்தால் மேற்கொண்டு விசாரணை வேண்டாம்.

அப்புறம், அரசுத் திட்டங்களின் இடுக்கில் விழுகிற பிள்ளைகளைத் தேடுங்கள். மாதம் ஆயிரம் வாங்க ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில். கொரோனா காலத்தில் என்ன நடந்தது? தனியார் பள்ளியில் ஆறு, ஏழு படித்த பிள்ளைகள், அப்பாவுக்கு வேலை போனதால் அரசுப் பள்ளிக்கு வந்தார்கள். கட்டாயக் கல்விச் சட்ட ஒதுக்கீட்டில் தனியாரில் எட்டு வரை படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. சொந்தக் காசு கட்டிப் படித்துவிட்டு, கட்ட முடியாமல் வந்தவர்களுக்கு இல்லை. 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் அவர்களுக்கு இல்லை. குடும்பம் நொடித்துப் போனதற்கே தண்டனை மாதிரி. உங்கள் பட்டியலில் இவர்கள் முன்னால் வரட்டும்.

ஐந்துரோடு
எங்கள் சமூகச் சங்கத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கிறோம். பல ஆண்டுகளாக ஒழுங்காக நடக்கிறது. ஆளாளுக்கு அவரவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் யாரும் விட்டுப்போக மாட்டார்கள்.

மிளகுக்கொடி
சங்கம் வைக்கிற அளவுக்கு வசதியான ஆள் இருக்கிற சமூகத்துக்கு அது சரி. எங்கள் ஊரில் யார் யாருக்குக் கொடுப்பது?

செவ்வாய்ப்பேட்டை மளிகை
ஐந்துரோடு சொல்கிற வழிக்கும் பெரிய வரலாறு உண்டு, தள்ளிவிட முடியாது. விருதுநகரில் நாடார் வணிகர்கள் வியாபாரத்தில் மகமை என்று பொதுக் காரியத்துக்கு ஒரு சிறு பங்கு ஒதுக்கி, வீட்டுக்கு வீடு பிடியரிசி (ஒரு கைப்பிடி அரிசி) எடுத்து, 1889இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளியை வளர்த்தார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. எனக்கு அதில் பிடித்தது பணம் சேர்த்த முறை. பெரிய மனிதர் ஒருவர் மூட்டையாகக் கொடுக்கவில்லை, நடக்கிற வியாபாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. நம் சேலம் மொத்தச் சந்தையான லீ பஜாரில் மூட்டைக்கு ஒரு ரூபாய் எடுத்து வைத்தால் என்ன வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. ஆனால் அதை ஒரு சாதிக்கு என்று எடுத்தால் பஜாரில் பாதிக் கடை கொடுக்காது. ஊர்ப் பள்ளிக்கு என்று எடுத்தால் கொடுக்கும்.

மட்டுறுத்துநர்
இந்தத் திசையில் வந்த ஆறு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பேச்சு உதவித்தொகையைப் பற்றியே இருக்கட்டும்.

அடிவாரத்தான்
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி குழுவில் பேசினோம். ஜூனிலேயே கொடுப்பது என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். முதல் மூன்று இடத்துக்குப் புத்தகமும் கேடயமும் மட்டும், பணம் இல்லை. அதற்கே ஒருவர் குழுவை விட்டு வெளியேறிவிட்டார், பரவாயில்லை, திரும்ப வருவார், போன வருடமும் வெளியேறினார்.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது இதில்தான்: நாற்பது பேருக்கு ஐயாயிரமா, பதின்மூன்று பேருக்குப் பதினைந்தாயிரமா?

கொலுசுப்பட்டறை
நாற்பது. ஐயாயிரம் என்பது பட்டறையில் ஒரு பையனை இழுத்து வைக்கிற தொகைக்குக் கிட்டத்தட்டச் சமம். போட்டிக்கு அதுவே போதும்.

முதல்தலைமுறை
பதின்மூன்று. எனக்கு முதல் வருடம் எப்படியோ ஓடிவிட்டது. இரண்டாம் வருடம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சேர்த்துவிட்டதோடு கடமை முடிந்தது என்று போய்விடுகிறார்கள்.

கவுரவ விரிவுரையாளர்
நான் நடுவில். இருபத்தைந்து பேருக்கு ஐயாயிரம் இப்போது. மீதி எழுபத்தைந்தாயிரத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு, தீபாவளிக்கு அப்புறம் வகுப்பில் யார் நிற்கிறார்கள், யாருக்கு என்ன சிக்கல் என்று பார்த்துக் கொடுங்கள். முதலில் வாங்காதவனுக்கும் அதிலிருந்து கொடுக்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் போன் போட ஓர் ஆள் வேண்டும், மாதம் ஒருமுறை. பணத்தைவிட இதற்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதல்தலைமுறை
போன் போடுகிற வேலைக்கு நான் வருகிறேன். ஐந்து பேரை என்னால் பார்த்துக்கொள்ள முடியும்.

சந்தேகி
கழிப்பறையை மறக்கவில்லை என்றாலும், எனக்கும் ஐந்து பேர் கொடுங்கள்.

பழைய ஹெச்எம்
என் பங்குக்குச் சான்றிதழ் வேலை. முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் இ-சேவையில் போட உட்கார்ந்து உதவுவேன். மலைப் பிள்ளைகளின் எஸ்டி சான்றுக்குப் பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும், ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் பிடிக்க முடியாது. அடுத்த ஆண்டுக்கு இப்போதே மிளகுக்கொடியும் நானும் பேசிக்கொள்கிறோம்.

கன்னங்குறிச்சி அப்பா
சார், இந்தக் குழுவில் புதிது. என் பையன் 600க்கு 312. பி.காம் கேட்டான், அரசுக் கல்லூரியில் முதல் கலந்தாய்வில் கிடைக்கவில்லை. தனியாரில் சேர்க்க வசதி இல்லை. தறி வேலைக்குப் போகிறேன் என்கிறான். ஏதாவது வழி இருக்கிறதா? அவன் உங்கள் பள்ளி இல்லை.

கவுரவ விரிவுரையாளர்
இருக்கிறது. அவசரப்பட்டு எங்கும் அனுப்பாதீர்கள். பி.காம் தரவரிசைக்கு 600 பார்க்க மாட்டார்கள். மொழிப்பாடம் இரண்டையும் கழித்துவிட்டு மற்ற நாலு பாடத்தின் 400க்குத்தான் பார்ப்பார்கள். அந்த மதிப்பெண் எவ்வளவு? அடுத்த சுற்றுகளில் இடம் காலியாகும், பொறியியல் கலந்தாய்வு தொடங்கியதும் இன்னும் காலியாகும். சேலம் மட்டும் இல்லாமல் மேட்டூர், எடப்பாடி அரசுக் கல்லூரிகளையும் பாருங்கள். பி.காமே வேண்டும் என்று நிற்காமல் பொருளியலும் வரலாறும் பட்டியலில் இருக்கட்டும். “உயர்வுக்குப் படி” என்று கல்லூரியில் சேராத பிள்ளைகளுக்காகவே மாவட்ட நிர்வாகம் முகாம் நடத்துகிறது, தேதியைப் பள்ளியில் கேளுங்கள். எதற்கும் நாளைக் காலை மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு கல்லூரியின் சேர்க்கை உதவி மையத்துக்குப் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கன்னங்குறிச்சி அப்பா
நாலு பாடத்தில் 221 சார். நாளைக்குத் தறிக்கு லீவு சொல்லிவிட்டுப் போகிறோம்.

அடிவாரத்தான்
அண்ணே, வேறு பள்ளி என்றால் என்ன. தனிச்செய்தியில் உங்கள் எண்ணை அனுப்புங்கள், நானும் காலை பத்து மணிக்கு அங்கே வருகிறேன்.